கனத்த வாத்தியமும் கடன் வாங்கிய பாடமும்

பாண்ட் வாத்தியக் குழு அணிவகுத்துச் செல்லும்போது நமது கண்கள் முன்வரிசையிலே பளபளக்கும் டிரம்பெட்டுகளையே நாடுகின்றன. பின்னே, பெரியதொரு பித்தளைக் குழலைத் தாங்கி வியர்வை வழிய நடந்துவரும் மாணவனை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவன் வாசிப்பதும் பெரும்பாலும் தாளத்துக்கொரு சுரமாக எழும் அடிநாதமே. ஆயினும் அந்த அடிநாதம் நின்றுவிடின், முழு இசையும் அத்திவாரம் இழந்த வீடு போலாகிவிடும்.

தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பித்தளை வாத்தியங்களுள் டிரொம்போன், யூபோனியம், டியூபா என்னும் மூன்றும் முதன்மையானவை. டிரொம்போனில் முன்னும் பின்னும் இழுக்கும் குழாய் உண்டு. மற்ற இரண்டிலும் விரலால் அழுத்தும் வால்வுகள் உண்டு. டிரொம்போனின் குழாயை நீட்டி அளந்தால் ஏறக்குறைய 9 அடி. பெரிய வகை டியூபாவினது 18 அடி. ஆகவே, உடல் வலுவுள்ள பிள்ளையாகப் பார்த்து இவற்றை ஒப்படைப்பது பாடசாலைகளில் வழக்கம். பிள்ளையும் ஆவலோடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மெட்டெல்லாம் பிறர்க்கு, தனக்கோ ‘பூம், பூம்’ என்னும் ஒலி மட்டுமே என்று கண்டதும் அதன் மனம் தளர்கிறது. சில மாதங்களில் வாத்தியம் மூலையில் ஒதுங்கிவிடுகிறது. இந்த இழப்பைத் தடுப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

டியூபாவின் வரலாறு குறுகியது. வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் 1835இல் பெர்லின் நகரில் அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆங்கில இசைமேதை வோன் வில்லியம்ஸ் அதனை நடுநாயகமாக வைத்து எழுதிய கொன்செர்ட்டோ இலண்டனில் அரங்கேறியதோ 1954இலே. அப்போது அவ்வாத்தியத்துக்கு வயது 119! வயலினுக்கும் பியானோவுக்கும் வாய்த்தது போன்ற பாடநூற் செல்வம் இதற்கு எவ்வாறு வாய்க்கும்? சொந்தச் சொத்து இல்லாதவன் கடன் வாங்கத்தானே வேண்டும்? தாழ்சுர வாத்திய ஆசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் கடன் வாங்கியதும் நல்ல வீடுகளிலேயே.

முதற் கடன் கோர்னெட்டிடம் வாங்கியது. பாரிஸ் நகரத்துக் கோர்னெட் மேதை அர்பான் 1864இல் ஒரு பெரும் பயிற்சி நூலை வெளியிட்டார். சுரவரிசை, நாவசைவு, சுரங்களை இணைத்தல், அலங்காரங்கள் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் நூல் அது. ராண்டல், மான்டியா ஆகிய இருவரும் அதனை டிரொம்போனுக்கும் யூபோனியத்துக்கும் ஏற்பத் திருத்தினர்; அப்பதிப்பு 1936இல் வெளிவந்தது.

இரண்டாவது கடன் பாடகரிடம் வாங்கியது. மார்க்கோ போர்டோனி என்னும் இத்தாலியப் பாடகர் தம் மாணவர்க்காகச் சொற்களில்லாத பாடற் பயிற்சிகளை இயற்றினார். நம்மவர் அகாரத்தில் சாதகம் செய்வதை ஒத்தவை அவை. பொஸ்டன் சிம்பொனிக் குழுவில் டிரொம்போன் வாசித்த ரோஷூ, அவற்றுள் 120ஐத் தம் வாத்தியத்துக்கு மாற்றி 1928இல் மூன்று தொகுதிகளாக்கினார். மூன்றாவது கடன் செல்லோவினிடம். பாஹ் இயற்றிய ஆறு செல்லோத் தொகுப்புகளையும் தாழ்சுர மாணவர் விரும்பிப் பயில்கின்றனர். ஆனால் செல்லோவின் வில்லுக்கு மூச்சு முட்டுவதில்லை. வாசிக்கும் மாணவனுக்கோ முட்டும். எவ்விடத்தில் மூச்செடுத்தால் இசைவாக்கியம் சிதையாது என்று அவன் தானே ஆராய்ந்து முடிவு செய்யவேண்டும். அந்த ஆராய்ச்சியே ஒரு சிறந்த கல்வியாகும்.

இக்கடன்கள் எல்லாம் மாணவனைப் பாட வைக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1922 முதல் 1971 வரை கற்பித்த எமரி ரெமிங்டனின் நீண்ட சுரப் பயிற்சி இன்றும் டிரொம்போன் மாணவரின் காலைச் சாதகமாக விளங்குகிறது. இழுகுழாயின் முதல் நிலையில் ஒரு சுரத்தை நிதானமாக ஊதி, அடுத்த நிலைக்கு இறங்கி மீள்வது. பின் மூன்றாம் நிலை வரை இறங்கி மீள்வது. இவ்வாறே ஏழாம் நிலை வரை செல்வது. இழுகுழாயில் அடையாளக் கோடுகள் இல்லை. சரியான இடத்தைக் காதுதான் காட்டவேண்டும்.

சிகாகோ சிம்பொனிக் குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ், பாட்டும் காற்றும் என்னும் இரண்டு சொற்களில் தம் போதனையைச் சுருக்கினார். முதலில் மனத்திலே பாடு, பின்பு தாராளமாகக் காற்றை விடு என்பது அதன் பொருள். முதலில் வாய்ப்பாட்டுக் கற்று, பின்னரே வாத்தியத்தைத் தொடும் நமது மரபுக்கு இது புதியதன்று.

நூல்களைத் தேடி அலையவேண்டியதும் இல்லை. 2006இல் தொடங்கிய பெட்ருச்சி இசை நூலகம் என்னும் இணையத்தளத்தில் அர்பானின் பழைய பதிப்பும் பாஹின் தொகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருதி பார்க்கவும் தாளம் போடவும் கைத்தொலைபேசியே போதும்.

நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நல்லது. முதல் ஐந்து நிமிடம் ஆழ்ந்து மூச்செடுக்கும் பழக்கம். அடுத்த பத்து நிமிடம் நீண்ட சுரங்கள். பின்னர்ப் பத்து நிமிடம் அர்பானின் ஒரு பயிற்சி. இறுதி ஐந்து நிமிடம் பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாட்டு. எதையும் முதலில் வாயாற் பாடிவிட்டே ஊதவேண்டும். இறுதிப் பாட்டை மட்டும் எக்காரணங் கொண்டும் விடலாகாது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் வீட்டில் எழும் ஓசை இனிதாயிராது. அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அயலவர்க்கு இடையூறில்லாத நேரமொன்றைக் குறித்துக் கொடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அருகில் அமர்ந்து ஒரு பாட்டை முழுமையாகக் கேளுங்கள். குழுவிலே பிறர் பாட்டைத் தாங்கி நிற்கும் பிள்ளைக்கு, வீட்டிலாவது தனக்கென்று ஒரு பாட்டு இருக்கவேண்டும். அது இருக்கும்வரை அந்தப் பெரிய குழல் மூலைக்குப் போகாது.