எடை மிஞ்சும் பிள்ளைகள்: பள்ளிக்கூடத் தராசு சொல்வது என்ன?

குளத்தூர்: பிள்ளை மெலிந்திருக்கிறதே என்று பெற்றோர் கவலைப்பட்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் கவலை முழுதாகத் தீர்வதற்குள் பிள்ளை அளவு மீறிப் பருக்கிறதே என்ற கவலையும் வந்து சேர்ந்துவிட்டது. 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் 9.4 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள் என்றும், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்றும் ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. பருமன் மெலிவை முந்தியது அதுவே முதல் தடவை. 2000ஆம் ஆண்டில் பருமன் 3 சதவீத அளவிலேயே இருந்தது.

பட்டணத்துப் பணக்கார வீட்டு வியாதி இது என்று ஒதுக்கிவிட முடியாது. நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலையை அடுத்துத் தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் குளத்தூர் போன்ற ஊர்களிலும் பேக்கரி வந்துவிட்டது. ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் பெட்டிக்கடை வாசலில் தொங்குகிறது. காலை ரயிலைப் பிடித்து வேலைக்கு ஓடும் தாய் தந்தையர், சாலைக் கரையில் கூலி வேலை பார்க்கும் நம்மவர்கள், பிள்ளை கையில் காசைக் கொடுத்து "ஏதாவது வாங்கித் தின்னு" என்பதில் வியப்பில்லை. அந்த "ஏதாவது" என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தராசும் அளவுகோலும்

பிள்ளை பருமனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 10 வயதுப் பையன் 1.40 மீட்டர் உயரம், 40 கிலோ எடை என்றால் அந்த எண் 20.4. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி அந்த வயதுப் பையனுக்கு 18.5க்கு மேல் போனால் எடை அதிகம், 21.4க்கு மேல் போனால் பருமன். பெண் பிள்ளைக்கு இவை 19.0, 22.6. வயது மாற மாற எண்ணும் மாறும். பெரியவர்களுக்கான அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பார்ப்பது தவறு.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 முதல் மத்திய அரசின் குழந்தை நலத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் பார்சலுக்கு எடை போடுவது போல எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்றோரை அழைத்துச் சொன்னால்தான் பயன். சிறு வயதுப் பருமன் பெரும்பாலும் பெரிய வயதிலும் தொடர்கிறது. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ஈரலில் கொழுப்பு எல்லாம் இப்போது பள்ளி வயதிலேயே எட்டிப் பார்க்கின்றன.

சிங்கப்பூர் கற்ற பாடம்

நம்மவர்கள் நிறைந்த சிங்கப்பூரில் 1992ல் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எடை மிகுந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். எடை மிகுந்த மாணவர்கள் 14 சதவீதத்திலிருந்து 2006ல் 9.5 சதவீதமாகக் குறைந்தார்கள். கணக்கில் வெற்றிதான். ஆனால் தனியே பிரிக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களின் கேலிக்கு ஆளானார்கள். 2007ல் அந்த முறையைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஆரோக்கியத் திட்டம் கொண்டு வந்தார்கள்.

இந்தப் பாடம் இங்கும் வேண்டும். வகுப்பு நடுவே எடையை உரக்கப் படிப்பதும், "குண்டா" என்று கூப்பிடுவதும் பிள்ளையை மெலிய வைக்காது; பள்ளிக்கே வரப் பயப்பட வைக்கும். மறைவாகத் தின்னவும் வைக்கும்.

பள்ளி வாசலில்

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை வைக்கும்படி மத்தியப் பள்ளிக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு 2025 மே மாதம் உத்தரவிட்டது. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு நாளைக்கே 25 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

கேரளம் 2016ல் பெரிய கம்பெனி உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டது. மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போயிற்று. வரியை விடச் சத்துணவுக்கூடம் நெடுநாள் நிற்கும். பள்ளி மதிய உணவுப் பட்டியலை 2025 ஆகஸ்டில் கேரள அரசு மாற்றி, காய்கறி, பயறு, கேழ்வரகு ஆகியவற்றுக்கு அதிக இடம் கொடுத்தது. "சர்க்கார் சோறு" என்று முகம் சுளிக்காமல் பிள்ளையை அங்கே சாப்பிட விடுவது நல்லது.

வீட்டில் செய்யக் கூடியவை

தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இதற்குச் செலவில்லை. குளத்தூரை அடுத்த பொழியூர்க் கடற்கரை மணலில் பந்து உதைத்த பையன்கள் பலர் சந்தோஷ் கோப்பை வரை போயிருக்கிறார்கள். டியூஷனுக்காக அந்த மாலை நேரத்தைப் பறிக்கலாகாது. அவித்த பயறு, நேந்திரம்பழம், குழம்பு மீன் எல்லாம் இங்கே கிடைப்பவைதான்; எண்ணெயில் பொரித்தால்தான் ருசி என்ற பழக்கத்தை மாற்றினால் போதும். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க முயல்வது ஆபத்து.

எடை மிஞ்சிய பிள்ளை குற்றவாளி அல்ல. அதன் தட்டில் சோறு போடுவதும் கையில் காசு கொடுப்பதும் பெரியவர்களே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும்போது, பிள்ளையின் எடையையும் உயரத்தையும் சேர்த்துக் கேட்டு வாருங்கள்.