கிறிஸ்துமஸ் விருந்தும் முந்தின நாள் குழம்பும்

பண்டிகை நெருங்குகிறது. ஆராதனை முடிந்து திரும்பும்போது வீடு நிறைய உறவினர் இருப்பார்கள். பிரியாணியைக் காலையில் தம் போட்டுக்கொள்ளலாம் என்று, தால்ச்சா, கறிக்குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய் ஆகியவற்றை 24-ஆம் தேதி இரவே செய்துவைப்பவர்கள் நம்மில் பலர். மருத்துவரல்லாத நான் இதைப்பற்றி எழுதக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டிகை இரவில், ஒரே விருந்தில் சாப்பிட்ட பலர் வயிற்றுவலியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று ஜெபித்தேன். தேவகிருபையால் எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு பாட்டியம்மாவுக்கு மட்டும் 3 நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. சமைத்த சகோதரி, "ஐயா, காலையில் சூடுபண்ணித்தானே பரிமாறினோம்" என்று அழுதார்.

தவறு காலையில் அல்ல, இரவிலேயே நடந்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். சில கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. மூடிவைத்த பெரிய அண்டாவின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். 5 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் அவை முளைத்துப் பெருகும். காலையில் ஓரம் கொதித்தாலும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். வேறு சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சோ, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே சூடாக்குவதைவிட, சீக்கிரம் ஆறவைப்பதே முக்கியம்.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

1. முந்தின நாள் மசாலா அரைத்து, காய்கறி நறுக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. தேங்காய்ப்பால் சேர்ந்தவற்றையும் தயிர்ப் பச்சடியையும் அன்றன்றே செய்யுங்கள்.

2. முன்கூட்டிச் செய்த குழம்பை அகலமான பாத்திரங்களில் 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் அவற்றை வைத்துக் கிளறி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் குழம்பில் படக்கூடாது.

3. ஃப்ரிட்ஜ் இல்லையா? மின்சாரம் நிற்கிறதா? முந்தின நாள் சமைக்கவே வேண்டாம்.

4. பரிமாறுமுன் சிறிது சிறிதாக எடுத்து, அடிவரை கிளறி, நடுவிலும் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். உள்சூடு 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்துவைக்காதீர்கள்.

5. யாருக்காவது பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொடுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகளை உடனே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள்.

வனாந்தரத்தில் மன்னாவை விடியுமட்டும் வைத்திருந்தவர்கள் கண்டது புழுவும் நாற்றமுமே என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. தேவன் தந்த ஆகாரத்தையும் கவனமாய்க் கையாள வேண்டும் என்பதே எனக்கு அதில் கிடைத்த பாடம்.

அந்தச் சகோதரி வெட்கத்தால் இனிமேல் சமைக்கவே மாட்டேன் என்றிருந்தார். நாங்கள் விடவில்லை. அடுத்த ஆண்டு காசிமேட்டிலிருந்து ஐஸ் வரவழைத்து, அவரே முன்நின்று குழம்பை ஆறவைத்தார். அந்தப் பாட்டியம்மாவும் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

உங்கள் பந்திகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தரின் பணியில்,
மருத்துவமனை குருவானவர்