ஒயின் தேசத்தில் ஒரு சைக்கிள் பயணம்... முடிவது மதுவே தொடாத மடத்தில்! தெரியுமா?

ஒயின் என்றதும் உலகம் முதலில் சொல்லும் பெயர், பிரான்சின் போர்தோ. அங்கே ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்கிழக்கே மிதித்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திராட்சைக் கொடிகள்தான். அந்தக் கொடிகளுக்கு நடுவே ஒரு சொட்டு ஒயின்கூடப் புழங்காத இடம் ஒன்று இருக்கிறது. வியட்நாம் துறவி திக் நாட் ஹான் உருவாக்கிய ‘பிளம் வில்லேஜ்’ புத்த மடம்! வழி நெடுகக் கொட்டிக் கிடக்கும் ஆச்சரியங்களைப் பொறுக்கிக்கொண்டே போவோமா?

சைக்கிள் பாதைக்கு அடியில் ரயில் பாதை!

போர்தோவிலிருந்து சோவ்தேர் என்ற சிற்றூர் வரை சுமார் 55 கிலோமீட்டருக்கு, கார், லாரி தொந்தரவே இல்லாத பாதை போகிறது. ஒரு காலத்தில் இதன்மேல் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டார்கள். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது, முழங்கால் தப்பித்தது! நடுவழியில் க்ரேயோன் ஊரின் பழைய ரயில் நிலையத்தில் இப்போது சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது.

கியர் மாற்றச் சக்கரத்தையே கழற்றினார்கள், தெரியுமா?

இந்தப் பாதைக்கு ரோஜே லாபெபி என்ற வீரரின் பெயர். 1937-இல் ‘தூர் த பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயத்தை வென்றவர். அதுவரை அந்தப் பந்தயத்தில் நட்சத்திர வீரர்களுக்குச் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியருக்குத் தடை! மலை அடிவாரம் வந்ததும் இறங்கு, பின்சக்கரத்தின் நட்டைத் திருகு, சக்கரத்தைக் கழற்று, வேறு பல்சக்கரம் உள்ள மறுபக்கம் திருப்பி மாட்டு, ஏறி மிதி! மலை உச்சியில் மறுபடியும் அதே கூத்து. தடை நீங்கிய 1937-இல் கியர் வைத்த சைக்கிளில் முதன்முதலாக வாகை சூடியவர் லாபெபி.

இன்னும் கேளுங்கள். அதே பந்தயத்தில் லாபெபி கடந்துபோன மறுகணம் ஒரு ரயில்வே கேட் மூடிக்கொண்டது. பின்னால் துரத்தி வந்த பெல்ஜியத்தின் சில்வேர் மேஸ் மாட்டிக்கொண்டார். அப்போது முதலிடத்தில் இருந்தவர் அவர்தான். கொதித்துப்போன பெல்ஜிய அணி மூட்டை கட்டிவிட்டது. எந்த ஊரிலிருந்து? போர்தோவிலிருந்து! ரயில்வே கேட் கைகொடுத்தவரின் பெயரைப் பழைய ரயில் பாதை சுமப்பது பொருத்தம்தானே?

கடலே இல்லாத ‘இரு கடல்களின் நடு’!

நீங்கள் மிதிக்கும் இந்த வட்டாரத்தின் பெயர் ‘ஆந்த்ர் த மேர்’. இரு கடல்களுக்கு இடையில் என்று பொருள். சுற்றிப் பார்த்தால் ஒரு கடலும் இல்லை! கரோன், தோர்தோஞ் என்ற இரண்டு ஆறுகளின் நடுவே இருக்கிறது. கடலின் ஏற்றவற்றம் இந்த ஆறுகளில் உள்நாடு வரை ஏறி இறங்குவதால் ஆறுகளையே கடலாக்கிவிட்டார்கள்.

துறவிகள் இங்கே புதிதல்ல!

லா சோவ் மஜோர் என்ற இடத்தில் கூரையில்லாமல் நிற்கிறது ஒரு கல் மடம். 1079-இல் கிறிஸ்தவத்தின் பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவியது. பெயரின் மூலம் லத்தீன், பொருள், பெருங்காடு. காட்டைத் திருத்தி வயலும் திராட்சையுமாக மாற்றியவர்கள் இந்தத் துறவிகள். அன்று திராட்சை நட்டவர்களும் துறவிகள், இன்று மதுவை மறுப்பவர்களும் துறவிகள்!

திருடனுக்கு வைத்த நீலச் சாயம் பயிரைக் காப்பாற்றியது, தெரியுமா?

கவனமாகப் படியுங்கள், இது நம் வயல் வரைக்கும் வந்த கதை. 1880-களில் பிரான்சின் திராட்சைகளை அடிச்சாம்பல் நோய் மொட்டையடித்துக்கொண்டிருந்தது. போர்தோ அருகே நடந்துபோன தாவரவியலாளர் மியார்தே ஓர் அதிசயத்தைக் கவனித்தார். தோட்டம் முழுக்க இலை உதிர்ந்து கிடக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சைப்பசேல்! விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தார்கள். பார்த்தால் நீலம், வாயில் வைத்தால் கசப்பு. திருடனும் வரவில்லை, பூஞ்சாணமும் வரவில்லை! சோதனைகள் செய்து 1885-இல் முடிவை வெளியிட்டார் மியார்தே.

நம் விவசாயிகள் பாக்கு, மிளகு, காப்பித் தோட்டங்களில் அடிக்கும் ‘போர்டோ கலவை’ சாட்சாத் இதுவேதான்! ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பதம் பார்க்க ஓர் இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. இன்னும் கொஞ்சம் சேர்! உலகப் புகழ் ஒயின் ஊர், நம் தோட்டத்துக்குள் மருந்துப் பெயராக நுழைந்த கதை இது.

பிரெஞ்சு ஊரைக் கட்டியவர் இங்கிலாந்து ராஜா!

பாதை முடியும் சோவ்தேரில் நான்கு பழைய வாசல்கள் இன்றும் நிற்கின்றன. 1281-இல் இந்த ஊரை அமைத்தவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். பிரெஞ்சு மண்ணில் அவருக்கு என்ன வேலை? 1152-இல் இந்தச் சீமையின் ஆட்சியாளரான எலியனோர், பின்னர் இங்கிலாந்து மன்னரான ஹென்றியை மணந்தார். ஒரே ஒரு கல்யாணம், 300 ஆண்டு ஆட்சி! வடக்கே உள்ள காஸ்தியோனில் 1453-இல் நடந்த போரில்தான் அது முடிந்தது.

வியட்நாமில் பிறந்து, பக்கத்து ஊரின் பெயரைச் சூடியவர்!

கிழக்கே இன்னும் மிதித்தால் கோட்டையோடு நிற்கும் த்யூராஸ். பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ‘காதலன்’ நாவலை எழுதிய மார்கெரித் த்யூராஸ் பிறந்தது 1914-இல், வியட்நாமின் சைகோன் அருகே. தந்தையின் வீடு இந்த ஊர்ப் பக்கம் இருந்ததால் ஊரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். வியட்நாமுக்கும் இந்தத் திராட்சைக் காட்டுக்கும் அப்போதே முடிச்சு விழுந்துவிட்டது!

ஒரு மடம், மூன்று மாவட்டங்கள்!

வந்துவிட்டோம். பிளம் வில்லேஜ் ஒரே கட்டடம் அல்ல. சிற்றூர்களில் சிதறியிருக்கும் குடியிருப்புகள். தியூலிவோலில் ஒன்று, லூபெஸ் பெர்னாக்கில் ஒன்று, தெனாக்கில் ஒன்று. மூன்றும் மூன்று வேறு மாவட்டங்கள்! 1982-இல் தொடங்கியபோது வைத்த பெயர் ‘பெர்சிமன் கிராமம்’. கல் நிறைந்த அந்த மண்ணில் பிளம்தான் செழித்தது, பெயரும் மாறியது. நட்ட மரங்கள் 1,250. அதென்ன கணக்கு? புத்தரின் முதல் துறவிக் கூட்டத்தின் எண்ணிக்கை அது! பழம் விற்ற காசு பசித்த குழந்தைகளுக்குப் போனது.

திக் நாட் ஹானைப் பரிந்துரைத்தார் மார்ட்டின் லூதர் கிங். அந்த ஆண்டு பரிசே இல்லை!

வியட்நாம் போரை எதிர்த்ததால் 1966 முதல் தாய்நாடு திரும்ப முடியாமல் போனவர் திக் நாட் ஹான். 1967-இல் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தார் மார்ட்டின் லூதர் கிங். அந்த ஆண்டு அமைதிப் பரிசு யாருக்குமே தரப்படவில்லை! 39 ஆண்டுகள் கழித்து, 2005-இல்தான் வியட்நாம் மண்ணை மிதித்தார். 2022-இல் 95 வயதில், தான் துறவு பூண்ட ஹுவே நகர மடத்திலேயே மறைந்தார்.

அவர் மரபின் பெயரில்கூட நமக்குப் பழக்கமான சொல் ஒளிந்திருக்கிறது. ‘தியானம்’ சீனாவில் ‘ச்சான்’ ஆகி, வியட்நாமில் ‘தியென்’ ஆகி, ஜப்பானில் ‘ஸென்’ ஆனது! அந்த மரபைச் சீனாவுக்குக் கொண்டுபோன போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்மூரில் சொல்வதுண்டு.

பிளம் வில்லேஜில் மணியை யாரும் ‘அடிப்பதில்லை’!

அடிப்பது என்றால் முரட்டுத்தனமாம்; மணியை ‘அழைக்கிறார்கள்’. அது ஒலித்ததும் அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். காய் நறுக்கிய கத்தி பாதியில் நிற்கிறது, பேச்சு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. மூச்சை மூன்று முறை கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. சாப்பாட்டு அறைக் கடிகாரம் ஒலித்தாலும் இதே கதை! வாரத்தில் ஒரு நாளுக்குப் பெயரே ‘சோம்பல் நாள்’.

இறங்கி ஏறும் தொல்லையைக் கியர் தீர்த்தது. நிற்கச் சொல்லித்தர ஒரு மணி வேண்டியிருக்கிறது. நேரில் போய்த் தங்குவதென்றால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். போக முடியாதவர்களுக்கும் திக் நாட் ஹான் ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார்: தொலைபேசி ஒலித்தால் பாய்ந்து எடுக்காதீர்கள், சில முறை மணி ஒலிக்கட்டும், மூச்சைக் கவனித்துவிட்டு எடுங்கள். இன்றைக்கு வரும் அடுத்த அழைப்பிலேயே செய்து பாருங்களேன். விசாவும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்!