பழைய அம்பிளிபயர் வாங்கப் போகின்றீர்களா?

நமது அன்பர் ஒருவரின் முன்மண்டபத்திலே, அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற இரண்டு பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் நெஞ்சளவு உயரம். தந்தையார் காலமான பின்னர் ஊமையாய் நின்ற அவற்றை மீண்டும் பாடவைக்க விரும்பிய அன்பர், புதிய கருவிக்கு வசதி போதாமையால், பழைய அம்பிளிபயர் ஒன்றைப் பார்த்துவைத்து நம்மையும் அழைத்துச் சென்றார். முகப்பிலே 200 வாற்று என்று பொன்னெழுத்திற் பொறித்திருந்தது. கடையில் ஐந்து நிமிடம் இனிமையாகப் பாடியது. நாமும் தலையசைத்துவிட்டோம்.

அன்று மாலை மனைவி மக்கள் சூழ இருக்க இசைத்தட்டுச் சுழன்றது. அரைமணி நேரத்திற் கருகல் மணம் எழுந்தது. இடப்பக்கப் பெட்டியின் பெரிய கூம்பினுள் இருந்த கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. பணம் போனதைக் காட்டிலும் தந்தையாரின் பெட்டி பழுதானதே அன்பருக்குத் துயரம். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்விகளையே இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது, வாற்றுக் கணக்கு. ஒரு கணப்பொழுதின் உச்சத்தையும், இரு பக்கங்களையும் கூட்டிய தொகையையும் முகப்பிற் பொறிக்கும் வழக்கம் உண்டு. இத்தகைய மயக்கத்தைத் தடுக்கவே அமெரிக்காவில் 1974இல் விதியொன்று செய்யப்பட்டது. ஆகவே, ஒரு பக்கத்துக்கு, எட்டு ஓம் தடையில், இடைவிடாது எத்தனை வாற்று என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அதுவும் பெட்டியைப் பொறுத்ததே. ஒரு வாற்றுக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால், சில பெட்டிகள் 87 டெசிபெல் ஒலி தரும். வேறு சில 97 தரும். இந்தப் பத்து டெசிபெல் வேறுபாட்டை ஈடுசெய்யப் பத்து மடங்கு வாற்று வேண்டும்! பெரிய பெட்டிக்குப் பெரிய அம்பிளிபயர்தான் வேண்டுமென்று எண்ணுவது தவறு. அமெரிக்கரான போல் கிளிப்ஷ் என்பார் ஆக்கிய கிளிப்ஷ்கோர்ன் என்னும் மூலைப்பெட்டி உருவத்தில் அலுமாரியை ஒத்தது. எனினும் சில வாற்றுக்களே அதற்குப் போதும்.

இதற்கு நேர்மாறானவையும் உள. 1980களில் வந்த அப்போஜி சின்ரில்லா ஒரு ஓம் அளவுக்குத் தடை குறையும் இயல்பினது. தடை குறையக் குறைய மின்னோட்டம் பெருகும். அவ்வோட்டத்தைத் தாங்கமாட்டாத அம்பிளிபயர் சூடேறிச் சோர்ந்துவிடும். அதே காலத்துக் கிறெல் கேஎஸ்ஏ-50 எட்டு ஓமில் 50 வாற்றே தருவது. ஆயின் நான்கு ஓமில் அது 100 ஆகும். முகப்பிலே பெரிய எண் இன்றியும் முரட்டுப் பெட்டிகளை அது ஆட்டிவைத்தது இதனாலேயே. பாடாதிருக்கும்போதும் அடுப்புப் போல் சூடாகும் வகை அது என்பதை, மின்சாரப் பட்டியலைக் கவனிக்கும் இல்லத்தரசிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம்.

இனி, அன்பரின் பெட்டியை எரித்தது யாது? அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு மாறுமின்னோட்டம் மாத்திரமே செல்லவேண்டும். உள்ளே ஒரு திரான்சிஸ்டர் பழுதுபட்டால் நேர்மின்னோட்டம் பாய்ந்து சுருளைச் சுட்டுவிடும். இதனை அறியச் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றே போதும். ஸ்பீக்கரை இணைக்காமல், ஒலியை முற்றாகக் குறைத்து, வெளிவாயிற் கம்பிகளில் நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ற்றுக்குட்பட்டால் கவலையில்லை. கருவி சூடேறியபின், அரைமணி கழித்து, மறுபடியும் அளத்தல் அவசியம்; நாம் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்ததே பிழையாயிற்று. வால்வு அம்பிளிபயரை மட்டும் இவ்வாறு ஸ்பீக்கரின்றி ஓட்டலாகாது; அதன் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் கெட்டுவிடும்.

உள்ளிருக்கும் மின்தேக்கிகள் இருபது முப்பது ஆண்டுகளில் உலர்ந்துபோவது இயல்பு. பாட்டில்லாத வேளையிலும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்குமாயின் அவற்றை ஐயுறலாம். மாற்றும் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். கடலோரத்து வீட்டில் இருந்த கருவியாயின் மூடியைத் திறந்து பச்சைக் களிம்பு உண்டோ என்றும் பாருங்கள். யப்பானில் விற்ற கருவி 100 வோல்ற்றுக்கு அமைந்தது. நமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் அத்துடன் கதை முடிந்தது. பின்புறத் தகட்டை வாசியாமல் பணத்தை எண்ணாதீர்கள்.

அன்பரின் கூம்புக்கு வினைஞர் ஒருவர் புதிய சுருள் கட்டிக் கொடுத்தார். பெட்டிகள் எட்டு ஓம், 95 டெசிபெல் என்று அப்போதுதான் அறிந்தோம். இம்முறை அன்பர் வாங்கியது, 1967இல் இங்கிலாந்தில் முதலில் வெளிவந்த குவாட் 303. ஒரு பக்கத்துக்கு 45 வாற்றே. அதன் வெளிவாயிலில் ஒரு பெரிய மின்தேக்கி நின்று நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். பழைய மின்தேக்கிகளை எல்லாம் மாற்றிய பிறகே இணைத்தார். சென்ற ஞாயிறு நாம் போயிருந்தபோது ஒலிக்குமிழ் கால்வாசியும் திரும்பவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து, "கொஞ்சம் குறையுங்கோ, பிள்ளை படிக்கிறான்" என்ற குரல் வந்துவிட்டது.