பெற்றோர் மீது பட்ட கதிர்வீச்சு பிள்ளைகளைப் பாதிக்குமா? சுண்டெலி ஆய்வுகள் சொல்வது என்ன?

“கல்யாணத்துக்கு முன்னாடி நாலஞ்சு தடவை எக்ஸ்ரே எடுத்திருக்கேன். பொறக்கப்போற குழந்தைக்கு ஏதாச்சும் ஆகுமா?” பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களுக்கு இதே பயம் வாழ்க்கைப் பிரச்சினையாகவே ஆனது. பிள்ளைகள் குறையோடு பிறக்கும் என்று அஞ்சி, அவர்களோடு திருமண உறவு வைக்கவே பலர் தயங்கினார்கள். இந்தப் பயத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா?

ஏன் சுண்டெலி?

எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் வாரிசுகளில் மரபணு மாற்றங்கள் பெருகுவதை 1927-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர் காட்டினார். அதற்காக 1946-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஈ வேறு, மனுஷன் வேறு. மனிதர்கள் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சிச் சோதிக்கவும் முடியாது. சுண்டெலி நம்மைப் போலவே பாலூட்டி. மூன்றே வாரத்தில் குட்டி போடும். இரண்டு மாதத்தில் அந்தக் குட்டியும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பல தலைமுறைகளைச் சில ஆண்டுகளிலேயே பார்த்துவிடலாம்.

மாற்றத்தைக் கண்டுபிடித்தது எப்படி?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸல், லியான் ரஸ்ஸல் தம்பதி 1947-ல் இந்த ஆய்வைத் தொடங்கினர். ரோம நிறம், குட்டைக் காது போன்ற 7 ஒடுங்கு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இவை தாய், தந்தை இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்.

ஏழு பண்புகளும் கொண்ட பெண் எலியை, கதிர்வீச்சு பட்ட சாதாரண ஆண் எலியோடு சேர்ப்பார்கள். குட்டிகள் எல்லாம் சாதாரணமாகவே பிறக்க வேண்டும். ஒரு குட்டிக்குக் குட்டைக் காது வந்துவிட்டால், அப்பா எலியின் விந்தணுவில் அந்த மரபணு மாறியிருக்கிறது என்று பொருள். இப்படி லட்சக்கணக்கான குட்டிகளைக் கண்ணாலேயே பார்த்துக் கணக்கெடுத்தார்கள்.

இரண்டு முக்கிய முடிவுகள் கிடைத்தன. ஒன்று, ஈயைவிடச் சுண்டெலியில் பல மடங்கு அதிக மாற்றம் ஏற்பட்டது. இரண்டாவது, 1958-ல் வெளியானது. ஒரே அளவு கதிர்வீச்சை மொத்தமாகக் கொடுப்பதைவிட, நீண்ட நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் மாற்றங்கள் குறைவு. ஆண் எலிகளில் அது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். சேதத்தைச் சரிசெய்ய செல்லுக்கு நேரம் கிடைப்பதே காரணம் என்று விளக்கப்பட்டது.

மனிதர்களில் என்ன தெரிந்தது?

அணுகுண்டுக்குப் பிறகு இரு நகரங்களிலும் பிறந்த சுமார் 77 ஆயிரம் குழந்தைகளை ஜேம்ஸ் நீல் குழுவினர் ஆய்வு செய்தார்கள். பெற்றோர் மீது பட்ட கதிர்வீச்சால் பிறவிக் குறைபாடு அதிகரித்ததாகத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. செர்னோபில் விபத்தில் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களின் 130 பிள்ளைகளுடைய முழு மரபணுத் தொகுதியும் ஆராயப்பட்டு 2021-ல் முடிவு வெளியானது. அதிலும் புதிய மரபணு மாற்றங்கள் கூடவில்லை.

அப்படியானால் எலி சொன்னது பொய்யா? இல்லை. ரஸ்ஸல் தம்பதி எலிகளுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம். தப்பிப் பிழைத்த பெற்றோரில் பெரும்பாலோர் மீது பட்டதோ அதைவிட மிகக் குறைவு. தவிர, அந்த 7 மரபணுக்களும் மாறினாலும் குட்டி உயிரோடு பிறக்கும். மனித மரபணுக்கள் பலவற்றில் பெரிய சேதம் வந்தால் கரு பிறப்புவரை தாங்காது. எனவே எலியில் கிடைத்த எண்ணை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆபத்தின் திசையை எலி காட்டுகிறது, அளவை மனிதத் தரவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இது பொருந்துமா?

இங்கேதான் கவனம் தேவை. கருத்தரிப்பதற்கு முன் பெற்றோர் மீது படுவது வேறு, வயிற்றில் வளரும் கருவின் மீது நேரடியாகப் படுவது வேறு. கருவின் உறுப்புகள் உருவாகும் நாட்களில் கதிர்வீச்சு பட்டால் குறைபாடு வரும் என்பதை லியான் ரஸ்ஸல் எலிகளில் காட்டினார். குண்டு விழுந்தபோது கருவில் 8 முதல் 15 வாரம் இருந்த குழந்தைகள் சிலருக்கு மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டதும் பின்னர் உறுதியானது.

“மாசமா இருக்கீங்களா?” என்று எக்ஸ்ரே அறையில் கேட்பது இதனால்தான். சந்தேகம் இருந்தாலும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலி அலையில் இயங்குவது. அதில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரேயை நினைத்தும் கலங்க வேண்டியதில்லை.