பழைய டாட்சனின் தேய்ந்த தாங்குகால்கள்

ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969-இல் அறிமுகப்படுத்தி, அமெரிக்காவில் டாட்சன் 240இசட் என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சக்கரங்களையும் ஸ்ட்ரட் எனப்படும் தாங்குகால்களே பிடித்து நிறுத்துகின்றன. சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே உறுப்பாக இணைக்கும் இவ்வமைப்பின் முன்சக்கர வடிவம், அதை வகுத்த அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சனின் பெயரைத் தாங்கியது. 1950-இல் பிரிட்டனில் காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல் அதைக் கொண்ட தொடக்ககாலக் கார்களுள் ஒன்றாகும்.

மேடுபள்ளத்தில் அழுந்தும் ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் துள்ளாதபடி, குழாய்க்குள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. தண்டைச் சுற்றியுள்ள சீல் ஆண்டுக்கணக்கில் இறுகித் தேயும்போது ஆயில் கசிந்து, குழாயின் மேல் புழுதியுடன் பிசுக்காகப் படிகிறது. டயரின் பரப்பும் இடையிடையே குழிந்து தேய்கிறது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் இதே தாங்குகால் என்பதால், அதன் தேய்மானத்தைப் பயணச் சொகுசின் குறையாக மட்டும் கருதுவது தவறு. வளைவில் டயர் தரையைப் பற்றும் திறனையும் பிரேக்கிடும் தொலைவையும் அது நேரடியாகப் பாதிக்கிறது.

தேய்ந்த தாங்குகாலைச் சீர்செய்யும் வேலையின் ஆபத்தான கட்டம் ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான். காரிலிருந்து இறக்கிய பின்னும் அது அழுத்தத்திலேயே இருப்பதால், எதிரெதிர்ப் பக்கங்களில் அழுத்துகருவிகளை மாட்டி, சுருள்களைச் சிறிது சிறிதாகச் சமமாகச் சுருக்கி, மேல்தட்டு தளர்ந்துவிட்டதை உறுதிசெய்த பின்னரே தண்டின் உச்சியிலுள்ள நட்டைத் தொட வேண்டும். முன்பே கழற்றினால் தட்டும் ஸ்பிரிங்கும் உயிரைப் பறிக்கும் விசையோடு தெறிக்கக்கூடும்.

இக்காரில் குழாயைத் தூக்கியெறிய வேண்டியதில்லை என்பது பாராட்டத்தக்க வடிவமைப்பு. குழாயின் வாயிலுள்ள மரையுள்ள மூடியைத் திருகி எடுத்து, பழைய பிஸ்டனையும் ஆயிலையும் அகற்றி, மூடப்பட்ட புதிய உள்ளுறையை (கார்ட்ரிட்ஜ்) இறக்கினால் போதும். உள்ளுறைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் சிறிதளவு ஆயில் ஊற்றினால், வெப்பம் குழாய்க்குக் கடந்து வெளியேறும். பின்சக்கரங்களில் தாங்குகாலின் அடியை இணைக்கும் நீண்ட ஊசித்தண்டு துருவேறி இறுகியிருப்பது வழக்கம்; அதை அசைக்காமல், மேல் நட்டுகளைக் கழற்றித் தாங்குகாலைத் தாழ்த்தியும் உள்ளுறையை மாற்றலாம்.

இடது, வலது இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை. பிரேக் குழாய் பிரிக்கப்பட்டிருந்தால், உள்ளே புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றி, சக்கரங்களின் நேர்கோட்டையும் சரிபார்த்த பிறகே காரைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.