தாளில் ஒட்டிய காயா

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரங்களில் காயா பூக்கும்போது கிளையே நீலமாகிவிடும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் ஆக்கிய நீலம் அது. இன்ன திகதியில் இன்ன காட்டில் இந்தச் செடி பூத்து நின்றது என்பதற்கு நூறு வருடம் கழித்தும் சாட்சி வேண்டுமானால், ஒரு கிளை, காய்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் உலர்தாவரகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

பூவும், கிடைத்தால் காயும் உள்ள கிளையைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே விரித்துப் பாரம் வைப்பார்கள். ஈரத் தாளை நாளாந்தம் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் இலையாவது பின்பக்கம் தெரியக் கிடக்க வேண்டும். காய்ந்தபின் தடித்த தாளில் ஒட்டி, மூலையில் விபரத்துண்டு வைப்பார்கள். இடம், திகதி, சேகரித்தவர், செடியின் உயரம், மண், பூவின் நிறம். இந்தத் துண்டு இல்லாத மாதிரி வெறும் சருகுதான். நீலம் தாளில் மங்கிவிடும், எழுத்தில்தான் நிற்கும்.

திகதியிட்ட இந்தத் தாள்களின் பெறுமதியை மலைநாட்டு நெலு நன்றாகக் காட்டுகிறது. ஹோட்டன் சமவெளிக் காடுகளில் வளரும் இந்தப் புதர்கள் நீலகிரிக் குறிஞ்சிக்கு உறவு. சில இனங்கள் பல வருடம் பூக்காமல் வளர்ந்து, ஒரே பருவத்தில் கூட்டமாகப் பூத்து, விதைத்து மடிகின்றன. விதை பொறுக்கக் காட்டுக்கோழிகள் திரளும். பூவில்லாமல் இனம் பிரிப்பது கடினம் என்பதால், சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பூத்த வருடத்தில்தான் கிளை வெட்டினார்கள். ஆகவே பழைய தாள்களின் திகதிகளை வரிசைப்படுத்தினால் பூப்புச் சுற்றைக் கணிக்கலாம். வெட்டியவர்கள் இதை எண்ணியே இருக்கமாட்டார்கள்!

திகதியைப் போலச் செடியின் ஊர்ப் பெயரும் பதிவுக்குரியது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் தொடங்கியது. அதன் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைநூலில், சிங்களப் பெயர்களோடு பாலை போன்ற தமிழ்ப் பெயர்களும் பதிவாகியுள்ளன. ஊர்ச்சனம் சொன்ன பெயரையும் தாவரவியல் மதித்த இடம் அது.

போர்க்காலத்தில் வன்னிக் காட்டுக்குள் சேகரிக்கப் போவது இலேசாக இருக்கவில்லை. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியர்களே, பாடசாலை வளவிலும் வீதியோரத்திலும் நிற்கும் ஆவரசு, காரை, கிளா, காயாவிலிருந்து மாணவர்களோடு தொடங்குங்கள். ஒதுக்குக் காடென்றால் அனுமதி பெறுங்கள். மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் காலே வைக்காதீர்கள். செடிக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே துண்டில் தமிழில் எழுதுங்கள்.